ஏழு வயதோடு பாதுகாப்பு முடிந்துவிடக் கூடாது: மாணவர் பராமரிப்பு நிலையங்களுக்கும் அமைச்சுகளுக்கும் ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் மாணவர் பராமரிப்பு நிலையங்களை நடத்துவோருக்கும், சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சுக்கும், கல்வி அமைச்சுக்கும்,

வணக்கம். நான் ஈசூனில் வசிக்கும் ஒரு தாய். சின்னவள் பாலர் பள்ளியில் கே1 (ஐந்து வயது வகுப்பு) படிக்கிறாள். பெரியவன் தொடக்கநிலை 2. பள்ளி விட்டதும் அவன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரு மாணவர் பராமரிப்பு நிலையத்துக்குப் போய்விடுவான், நானோ என் கணவரோ வேலை முடிந்து வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை அங்கேதான் சாப்பாடு, குளியல், வீட்டுப்பாடம், விளையாட்டு எல்லாம். என்னைப் போல இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்கள். தாத்தா பாட்டி சொந்த ஊரில் இருக்கிறார்கள், பணிப்பெண் வைத்துக்கொள்ள வசதியில்லை, அல்லது விருப்பமில்லை. ஆக, பிள்ளையின் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை உங்களிடம்தான் ஒப்படைத்திருக்கிறோம்.

நான் கேட்பது ஒன்றுதான். பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்னென்ன பாதுகாப்பு விதிகள் உண்டோ, அவையெல்லாம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களுக்கும் வர வேண்டும். அமைச்சுகள் அதைச் சட்டமாக்க வேண்டும். சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்காமல், நிலையங்கள் தாங்களாகவே இப்போதிலிருந்தே அப்படி நடக்க வேண்டும்.

இரண்டு பிள்ளைகளை இரண்டு இடங்களில் விட்டு அழைத்து வருபவள் என்பதால் வித்தியாசம் எனக்குத் தினமும் கண்ணில் படுகிறது. சின்னவளின் பள்ளி, பாலர் பருவ மேம்பாட்டு நிலையங்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. 2017இல் நிறைவேறி, 2019 ஜனவரியில் நடப்புக்கு வந்த சட்டம் அது. உரிமம் இல்லாமல் நிலையம் நடத்த முடியாது. உரிமமும் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்குத்தான், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். கைக்குழந்தைகள் ஐந்து பேருக்கு ஒரு பணியாளர் என்று தொடங்கி, வயதுக்கு வயது எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அடிக்கக் கூடாது, தனியாக ஓர் அறையில் பூட்டி வைக்கக் கூடாது, தண்டனை என்று சொல்லிச் சாப்பாட்டை நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் விதிமுறையிலேயே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் எல்லாப் பாலர் பள்ளிகளிலும் கண்காணிப்புக் கேமரா கட்டாயம். இத்தனைக்கும் பொறுப்பாகப் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு என்று 2013இலிருந்து தனியாக ஓர் அமைப்பே இருக்கிறது.

பெரியவன் இருக்கும் இடத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அது ஏழு வயதுக்குட்பட்டவர்களுக்கான பாலர் நிலையங்களோடு நின்றுவிடுகிறது. பள்ளிக்குள்ளேயே இயங்கும் நிலையங்களைப் பள்ளியும் கல்வி அமைச்சும் பார்த்துக்கொள்கின்றன. வெளியே இருப்பவற்றில், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான கட்டண உதவியை வழங்க விரும்பும் நிலையங்கள் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சிடம் பதிந்து, அதற்கான நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும். கட்டண உதவி கொடுப்பதற்கான பதிவும், பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்றே எழுதப்பட்ட சட்டமும் ஒன்றாகிவிடுமா?

தொடக்கநிலை 1க்கு ஏழு வயது நிறையும் ஆண்டின் ஜனவரியில் போகிறார்கள். டிசம்பரில் பிறந்த பிள்ளைக்கு அன்றைக்கு ஆறு வயது முடிந்து சில நாள்கள்தான் ஆகியிருக்கும். நவம்பரில் பாலர் பள்ளியில் கேமரா, உரிமம், விதிமுறை எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்த அதே பிள்ளை, இரண்டே மாதத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளும் வந்து போகும் ஓர் இடத்தில், அறிமுகமில்லாத பெரியவர்களோடு இருக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் அதற்கு வாய் முளைத்துவிடுமா, தன்னைத் தானே காத்துக்கொள்ளும் பலம் வந்துவிடுமா?

என் மகன் போகும் நிலையத்தில் இருப்பவர்கள் நல்லவர்கள். அவனுக்கு அவர்களைப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் 'இங்கே எல்லாரும் நல்லவங்க' என்பதை ஒரு பாதுகாப்பு ஏற்பாடாக எடுத்துக்கொள்ள முடியாது. பிள்ளைகளிடம் தவறாக நடப்பவர் முறைத்துக்கொண்டு வருவதில்லை. பெரும்பாலும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தவராக, பெற்றோர் நன்றி சொல்கிறவராக, கூடுதல் நேரம் இருந்து உதவுகிறவராகத்தான் இருப்பார். ஒரு பிள்ளைக்கு மட்டும் மிட்டாய் தருவார், கைப்பேசியில் விளையாட விடுவார், 'அம்மாகிட்ட சொல்லாதே, இது நமக்குள்ள இருக்கட்டும்' என்று சின்னதாக ஒரு ரகசியத்தைக் கொடுத்துப் பார்ப்பார். பிள்ளை அதைக் காப்பாற்றுகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அடுத்த அடி. அந்தச் சின்ன ரகசியத்திலேயே தடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் போனபிறகு தண்டனைதான் மிஞ்சும். நம் ஊர்த் தண்டனைகளும் லேசானவை இல்லை. சிறுவர், இளையர் சட்டத்தில் பிள்ளையைக் கொடுமைப்படுத்துவதற்கு 8 ஆண்டுவரை சிறை, 2020இலிருந்து 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையை இரட்டிப்பாக்கவும் வழி உண்டு. இருந்தும் என்ன, நடந்தது நடந்ததுதானே.

2025இல் ஒரு பாலர் பள்ளிச் சமையல்காரர் பச்சிளம் பிள்ளைகளிடம் தகாத முறையில் நடந்ததற்காகச் சிறைக்குப் போனார். செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆசிரியரைப் பற்றித்தான் எல்லாரும் விசாரிப்போம், சமைப்பவரைப் பற்றி யார் கேட்டார்கள்? மாணவர் பராமரிப்பு நிலையத்தில் சமைப்பவர் மட்டுமா வருகிறார்? ஓட்டுநர், துப்புரவாளர், வாரத்துக்கு ஒருநாள் வரும் சதுரங்கப் பயிற்றுநர், ஆசிரியர் விடுப்பில் போனால் முகவர் அனுப்பும் மாற்று ஆள், ஜூன் விடுமுறையிலும் ஆண்டிறுதி விடுமுறையிலும் நாள் முழுக்க நிலையம் திறந்திருக்கும்போது உதவிக்கு வரும் பகுதிநேர இளைஞர்கள் என்று எத்தனையோ பேர். ஒருமுறை புதிதாக ஒருவரைப் பார்த்து, யார் இவர் என்று நான் கேட்டதற்கு, 'ரிலீஃப் டீச்சர்தான் மேடம், ஏஜென்சி அனுப்பினாங்க' என்ற பதில் வந்தது. ஏஜென்சி அவரைப் பற்றி என்ன விசாரித்தது என்று கேட்டேன். கேள்வி அவர்களுக்கே புதிதாக இருந்தது. அந்த இளைஞரை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வரும் ஒவ்வொருவரைப் பற்றியும் முன்கூட்டியே விசாரித்திருக்க வேண்டும், முந்தைய வேலையிடத்தைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும், விசாரித்து முடியாதவர் பிள்ளைகளோடு தனியாக இருக்கவே கூடாது என்கிறேன்.

குளியல் நேரத்தைப் பற்றியும் பேச வேண்டும். நம் ஊர் வெயிலில் பள்ளி முடிந்து வேர்த்து விறுவிறுத்து வரும் பிள்ளைகளைக் குளிக்க வைப்பது பல நிலையங்களில் வழக்கம், பெற்றோரும் அதை விரும்புகிறோம். குளியலறையில் கேமரா வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அப்படியென்றால் அங்கே பாதுகாப்பு என்பது முழுக்க முழுக்க மனிதர்கள் வகுத்துக்கொள்ளும் ஒழுங்கில்தான் இருக்கிறது. யார் வெளியே நிற்பார், தொடக்கநிலை 1 பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போட உதவி தேவைப்பட்டால் யார் செய்வார், கதவு எந்த அளவு திறந்திருக்கும், பெரிய பையன்களும் சின்னப் பையன்களும் ஒரே நேரத்தில் உள்ளே போகலாமா? இதற்கெல்லாம் உங்களிடம் எழுதி வைத்த விதி இருக்கிறதா? இருந்தால் எங்களுக்குக் காட்டுங்கள். இல்லையென்றால் இந்த வாரமே எழுதுங்கள், அதற்கு ஒரு காசு செலவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் இருக்கக் கூடாது என்ற ஒரே விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றினாலே பாதி பயம் போய்விடும். இது பணியாளர்களுக்கும் நல்லது. பொய்யான பழி வராமல் அவர்களைக் காப்பதும் அதே விதிதான்.

பெரிய பையன்கள் என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், இதை யாரும் பேச விரும்புவதில்லை. பாலர் பள்ளியில் ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பார்கள். மாணவர் பராமரிப்பு நிலையம் 7 வயதிலிருந்து 14 வயதுவரை உள்ளவர்களுக்கானது. பருவமடையத் தொடங்கிய பிள்ளையும் பால்பல் விழாத பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். கைப்பேசியில் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட ஒரு பெரிய பிள்ளை, அதைச் சின்னவர்களிடம் காட்டுவதும் செய்து பார்ப்பதும் நடக்கக் கூடியதுதான். அந்தப் பெரிய பிள்ளையைக் குற்றவாளி என்று முத்திரை குத்தச் சொல்லவில்லை. அதுவும் பிள்ளைதான், ஒருவேளை அதற்கே யாரோ அப்படிச் செய்திருக்கலாம். ஆனால் 'பசங்க விளையாட்டு' என்று சொல்லி மூடிவிடாதீர்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் உதவி தேவை, இரண்டு வீடுகளுக்கும் தகவல் தேவை.

கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை. வேண்டும், கட்டாயம் வேண்டும், பாலர் பள்ளிகளுக்கு வந்தது போல உங்களுக்கும் வர வேண்டும். ஆனால் கேமராவை மாட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். 2023 ஆகஸ்டில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியர் ஒருவர் குழந்தையின் வாயில் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் ஊற்றும் காணொளி ஊரையே உலுக்கியது நினைவிருக்கும். அதைப் படமெடுத்தது அங்கே வேலை பார்த்த இன்னொருவர்தான். கூட வேலை செய்கிறவரின் கண்ணில்தான் முதலில் படுகிறது. அப்படிப் பார்த்தவர் தயங்காமல் பேச முடிகிறதா, பேசினால் மேலே இருப்பவர் காது கொடுக்கிறாரா, அவருடைய வேலைக்கு ஆபத்து வராதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் வருகிறது. பணியாளர்கள் தங்கள் சொந்தக் கைப்பேசியில் பிள்ளைகளைப் படமெடுக்கக் கூடாது என்று நான் கேட்கப் போகிறேன். நீச்சல் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போன அன்று ஈர உடையில் நிற்கும் பிள்ளைகளின் படம் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது, எங்களுக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் படம் யாருடைய கைப்பேசியில் தங்குகிறது, அவர் வேலையை விட்டுப் போனபிறகு எங்கே போகிறது? நிலையத்துக்கென்று ஒரு கைப்பேசி வாங்கி வையுங்கள், அது நிலையத்தை விட்டு வெளியே போகக் கூடாது. 'சொந்தக் கைப்பேசியைத் தடை செய்திருந்தால் 2023இல் அந்தக் காணொளியே வந்திருக்காதே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தால்தான் நம்புவார்கள் என்ற நிலைக்குப் பணியாளரைத் தள்ளாதீர்கள் என்பதே என் பதில். வாய்ச்சொல்லாகச் சொன்னாலே எழுதி வைத்து, அன்றே நடவடிக்கை எடுக்கும் ஒரு வழி இருக்க வேண்டும். நிலையத்தின் நிர்வாகிமீதே புகார் என்றால் அவரைத் தாண்டிப் போகவும் வழி இருக்க வேண்டும்.

இனி, பிள்ளை வாயைத் திறந்து ஏதோ சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த முதல் சில மணி நேரத்தில்தான் எல்லாம் கெட்டுப் போகிறது. சாதாரணமாக நடப்பது என்ன? ஆசிரியர் கேட்கிறார், பிறகு மேற்பார்வையாளர் கூப்பிட்டு மறுபடியும் கேட்கிறார், 'நிஜமாவா? யோசிச்சுச் சொல்லு, தப்பா சொன்னா அங்கிளுக்கு வேலை போயிடும்' என்கிறார். பிள்ளை பயந்துபோய்ச் சொன்னதை மாற்றிச் சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்து 'இப்படி ஒரு புகார்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். நிலையத்தின் பெயர் கெட்டுவிடும், முதலில் நாமே உள்ளுக்குள் விசாரிப்போம் என்று முடிவு செய்கிறார்கள். கேமராப் பதிவு நாளாக நாளாக அழிந்து போகிறது. வேண்டாம். விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. பிள்ளை சொன்னதை, பிள்ளையின் சொற்களிலேயே, மாற்றாமல் எழுதுங்கள். 'சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை' என்று சொல்லுங்கள். அதற்கு மேல் துருவாதீர்கள். பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேட்டு வதைக்காமல் இருப்பதற்காகவே காவல்துறையும் சிறுவர் பாதுகாப்புச் சேவையும் சேர்ந்து விசாரிக்கும் முறை இங்கே இருக்கிறது, அவர்களிடம் விடுங்கள். பதிவைப் பத்திரப்படுத்துங்கள், அந்த நபரைப் பிள்ளைகளிடமிருந்து விலக்குங்கள், காவல்துறையைக் கூப்பிடுங்கள். பெற்றோருக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்று அவர்களிடமே கேட்டு, அன்றைக்கே சொல்லுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 424ஆம் பிரிவு, குறிப்பிட்ட சில கடும் குற்றங்கள் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுப்பவருக்குச் சிறுவர், இளையர் சட்டத்தில் பாதுகாப்பும் உண்டு. இதை உங்கள் பணியாளர்களில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறீர்கள்?

ஆபத்து எப்போதும் நிலையத்துக்குள்ளிருந்துதான் வரும் என்றும் இல்லை. 2020இல் வீட்டில் நடந்த கொடுமையால் இறந்துபோன நான்கு வயதுச் சிறுமியை நாம் யாரும் மறக்கவில்லை. அவள் உடம்பிலிருந்த காயங்களை 2019இலேயே கவனித்தவர்கள் பாலர் பள்ளி ஆசிரியர்கள். கவனித்தார்கள், சொன்னார்கள், ஆனாலும் அந்தக் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. எங்கெங்கே தவறு நடந்தது என்று ஆராய்ந்த மறுஆய்வுக் குழுவின் அறிக்கை 2025 அக்டோபரில்தான் வெளிவந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகளில் குறைகள் இருந்ததை அது சொன்னது. ஒரு பிள்ளையைத் தினமும் பார்க்கிறவரின் கவலையை வழியில் இருக்கும் ஒவ்வொருவரும் முழு எடையோடு அடுத்தவரிடம் சேர்க்க வேண்டும். மாணவர் பராமரிப்பு ஆசிரியரும் அப்படித் தினமும் பார்க்கிறவர்தான், பள்ளி ஆசிரியரை விடவும் அதிக நேரம், குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் தூங்கி வழியும்போதும் பார்க்கிறவர். திடீரென்று வீட்டுக்குப் போகவே பயப்படும் பிள்ளை, நீளக்கைச் சட்டையைக் கழற்ற மறுக்கும் பிள்ளை, எப்போதும் பசியோடு வரும் பிள்ளை இவர்கள் கண்ணில்தான் படும். என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறோமா, அல்லது வீட்டுப்பாடத்தை முடிக்க வைத்தால் போதும் என்று விட்டுவிட்டோமா?

அமைச்சுகளுக்கு இப்போது. ஏழு வயதுக்குக் கீழே ஒரு சட்டம், மேலே வேறு ஏற்பாடு என்று பிரித்துத்தான் ஆக வேண்டும் என்று இல்லை. ஆஸ்திரேலியாவில் 2012 முதல் நடப்பில் இருக்கும் தேசிய ஏற்பாட்டில், குழந்தைப் பராமரிப்பு நிலையம், பாலர் பள்ளி, பள்ளி நேரத்துக்கு முன்னும் பின்னும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நிலையம் எல்லாம் ஒரே சட்டத்தின் கீழ் வருகின்றன. அதனால் அங்கே தவறே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. 2025 ஜூலையில் மெல்பர்னில் ஒரு குழந்தைப் பராமரிப்புப் பணியாளர்மீது எழுபதுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டு, ஏறக்குறைய 1,200 பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை பரிந்துரைக்கப்பட்ட செய்தியை நாமும்தான் படித்தோம். அதற்குப் பிறகு, உடல் ரீதியான அல்லது பாலியல் துன்புறுத்தல் பற்றிய புகாரை ஏழு நாள்களுக்குள் தெரிவிக்கலாம் என்று இருந்ததை 2025 செப்டம்பர் 1 முதல் 24 மணி நேரமாகக் குறைத்தார்கள். ஒரே சட்டமாக இருந்ததால் அந்த மாற்றம் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே வந்தது. இங்கே பாலர் பள்ளிகளுக்குக் கேமராவைக் கட்டாயமாக்கியபோது என் பெரியவன் போகும் நிலையத்துக்கு அது வரவில்லை.

அதே ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை ஒரு அரச ஆணையம், நிறுவனங்களில் பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமைகளை விசாரித்தது. தனியே வந்து பேசியவர்கள், தங்களுக்கு நடந்ததை முதன்முதலாக யாரிடமாவது சொல்ல எடுத்துக்கொண்ட காலம் சராசரியாக ஏறக்குறைய 24 ஆண்டுகள் என்று அதன் அறிக்கை சொல்கிறது. எட்டு வயதில் நடந்ததை முப்பத்திரண்டு வயதில் சொல்கிறார்கள். 'எங்கள் நிலையத்தில் இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு இந்த எண்தான் நினைவுக்கு வருகிறது.

செலவைப் பற்றிச் சொல்வீர்கள். வாடகை, சம்பளம், ஆள் கிடைக்காத சிரமம், கட்டணத்தை ஏற்றினால் பெற்றோரே சண்டைக்கு வருவோம் என்பதெல்லாம் உண்மை. சின்ன நிலையங்களை மூட வைக்கும் அளவுக்குச் சட்டம் போட்டால் எங்கள் பாடுதான் திண்டாட்டம். அதனால்தான் அமைச்சுகளையும் சேர்த்து எழுதுகிறேன். பயிற்சியையும் ஆள் விசாரணையையும் அரசாங்கம் ஏற்று நடத்தட்டும், கேமராவுக்கு உதவட்டும், அவகாசம் கொடுக்கட்டும். ஆனால் நான் மேலே கேட்டவற்றில் பாதிக்குப் பணமே தேவையில்லை, முடிவெடுத்தால் போதும்.

நம் தமிழ்ச் சமூகத்திடமும் ஒரு சொல். வாரயிறுதித் தேவார வகுப்பு, பரதநாட்டிய வகுப்பு, வீட்டில் நடக்கும் துணைப்பாட வகுப்பு என்று நம் பிள்ளைகள் போகும் இடங்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ படிக்கும் துணைப்பாட நிலையம் கல்வி அமைச்சிடம் பதிய வேண்டும், அதற்குக் கீழே இருப்பவற்றைப் பெற்றோர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கோயில் நிர்வாகத்தில் இருக்கும் ஐயாக்களே, அம்மாக்களே, சேவை செய்ய வருகிறவரை விசாரிப்பது அவரை அவமதிப்பதாகாது. வீட்டிலும் கொஞ்சம் மாற வேண்டும். 'பெரியவங்க சொன்னா எதிர்த்துப் பேசாதே' என்று வளர்க்கிறோம், வெட்கப்பட்டு ஒதுங்கும் பிள்ளையைப் பிடித்து 'மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு' என்று தள்ளுகிறோம். பிறகு ஒரு பெரியவர் தவறாக நடக்கும்போது மட்டும் பிள்ளை உரக்க 'வேண்டாம்' என்று சொல்லும் என்று எதிர்பார்க்கிறோம். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயத்தில் பிள்ளை சொன்னதை வீட்டுக்குள்ளேயே புதைக்கும் குடும்பங்களும் உண்டு. அந்த நாலு பேர் உங்கள் பிள்ளையை வளர்க்கப் போவதில்லை.

இந்த மடலின் பிரதியை என் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்புகிறேன். என் மகன் போகும் நிலையத்திடமும் நேரில் கொடுத்து, உள்ளே வருபவர்களை எப்படி விசாரிக்கிறார்கள், குளியல் நேர ஒழுங்கு என்ன, படங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன, ஒரு பிள்ளை புகார் சொன்னால் முதல் 24 மணி நேரத்தில் யார் என்ன செய்வார் என்று எழுத்தில் கேட்கப் போகிறேன். மற்றப் பெற்றோர்களும் தங்கள் நிலையத்தில் இதையே கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

நிலையங்கள் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வன்முறை, பாலியல் துன்புறுத்தல் பற்றித் தகவல் கொடுப்பதற்கான தேசிய உதவி எண் 1800-777-0000, 24 மணி நேரமும் எடுப்பார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தாங்களே கூப்பிட்டுப் பேசுவதற்காகச் சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் 1984இலிருந்து நடத்தும் டிங்கிள் ஃபிரெண்ட் என்ற தொலைபேசி உதவிச் சேவையின் எண் 1800-2744-788. முதல் எண்ணைப் பணியாளர் அறையில் ஒட்டுங்கள். இரண்டாவதைப் பிள்ளைகள் பை மாட்டும் இடத்தில், அவர்கள் கண் எட்டும் உயரத்தில் பெரிய எழுத்தில் ஒட்டி, அது எதற்கு என்று தொடக்கநிலை 1 பிள்ளைக்கும் புரியும்படி ஒருமுறை உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து, தொடக்கநிலை 2 மாணவனின் தாய்